கப்பலில் ரச வகுப்பு

கரீபியன் கடல்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் போனுக்கு வராததால் மெயில் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் அஞ்சு என்னோடு பேசி முடித்ததும், "அப்பாட்ட குடு மக்கா" என்றேன். "அப்பாக்கு கடையில ஆளு நிக்காம். பெறவு பேசுதேன்னு சொல்லுதாவ" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் பலசரக்குக் கடை என்றைக்குத் திறந்திருந்தது? எட்டு வயதுப் பிள்ளையைப் பொய் சொல்ல வைக்க வேண்டாம். கோபம் என்றால் கோபம் என்றே சொல்லுங்கள்.

செப்டம்பரில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, உங்களைக் கேட்காமல் நான்கு மாதம் நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். தப்புதான். ஆனால் அன்று என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லையே. தலைமை ஷெஃப் என்னைக் கூப்பிட்டு, "பயணிகளுக்குத் தென்னிந்தியச் சமையல் வகுப்பு எடுக்க ஆள் தேடுகிறார்கள். உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். ஜனவரி வரை இருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும்" என்றார். உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். நடுக்கடலில் லைன் கிடைக்கவில்லை. அந்த வேலைக்கு எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

இந்தக் கப்பலில் மூன்று வேளைச் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடங்கும். அதற்கு மேல், விருப்பப்பட்டவர்கள் தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்கிற விஷயங்கள் பல உண்டு. ஒயின் ருசி பார்க்கலாம், பியர் ருசி பார்க்கலாம், அடுக்களையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஷெஃப்புடன் உட்கார்ந்து சாப்பிடலாம். அதில் ஒன்றுதான் சமையல் வகுப்பு. இத்தனை மாதமும் நான் கீழ்த்தளத்தில் நின்று காய் வெட்டினேன். சாப்பிட்டவர் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. இப்போது வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, பெயர் எழுதிய பட்டையோடு அவர்கள் முன்னால் நிற்கிறேன். அதை எப்படி வேண்டாம் என்று சொல்வேன்?

திட்டுவதென்றாலும் எழுதித் திட்டுங்கள்.

இந்துஜா

அஞ்சுகிராமம்
16 அக்டோபர் 2024

இந்துஜாவுக்கு,

மெயில் கிடைத்தது. கோபம்தான். போதுமா?

செப்டம்பரில் புது வீட்டுக்குப் பால்காய்ப்பு என்று நாள் குறித்தது நீயும் சேர்ந்துதான். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொன்ன பிறகு, வீடு வீடாகப் போய், "வரலை, தள்ளி வச்சிருக்கு" என்று சொன்னது நான் மட்டும். "உன் பெண்டாட்டி அங்கேயே இருந்துருவா போலயே பிரதீஷே" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். நீ கப்பலில் வேலைக்குப் போகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொன்னவனா நான்? நான் கேட்டது ஒன்றுதான். முடிவெடுக்கும்போது நானும் இருக்க வேண்டும். அது கிடைக்கவில்லை.

இன்னொன்று. சாப்பாடு சும்மா கிடைக்கிற இடத்தில், துட்டு கொடுத்து வெங்காயம் அரிகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெங்காயம் அவனுவளே கொண்டு வரணுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன்மேல் இருந்த கோபத்தில் அடக்கிக்கொண்டேன்.

அஞ்சு நன்றாக இருக்கிறாள். நான் பிறகு எழுதுகிறேன்.

பிரதீஷ்

கரீபியன் கடல்
27 அக்டோபர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

வெங்காயம் நாங்களே கொடுத்துவிடுவோம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். கண்ணீர் மட்டும் அவர்களுடையது.

நீங்கள் எழுதியதைப் பல தடவை வாசித்தேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னது பற்றி எனக்குத் தெரியாது. அப்பாவும் மகளும் சேர்ந்து சமாளித்திருப்பீர்கள் என்று லேசாக நினைத்துவிட்டேன். நான் இருந்து உங்களோடு வந்து சொல்லியிருக்க வேண்டிய பேச்சு அது.

வகுப்பு எப்படி நடக்கிறது என்று சொல்லட்டுமா? வெயிலும் கடலும் தெரிகிற கண்ணாடி அறை. ஆளுக்கொரு அடுப்பு. நான் அரிசி மாவு தடவி மீன் பொரிக்கவும், தேங்காய் போட்டுக் கேரட் தோரன் கிளறவும், ரசம் வைக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். முடிவில் நான் வைத்த ரசத்தை எல்லாருக்கும் ஊற்றுவேன். அதோடு ஒரு கிளாஸ் வெள்ளை ஒயினும் கொடுப்பார்கள். ரசத்துக்கு ஒயினா என்று முதல் நாள் நான் திகைத்து நின்றேன். ஒரு ஆள் ரசத்தையே ஒயினைப் போலக் கிளாசில் சுழற்றி, மோந்து பார்த்து, கண்ணை மூடிக் குடித்தார். "இதற்குப் பெயர் என்ன? எவ்வளவு வருடம் பழசு?" என்றார். "இப்பத்தான் வச்சேன்" என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது.

கப்பல் ஸ்டோரில் பெருங்காயம் தீர்ந்துபோனது. ஷெஃப்பிடம் கேட்டு, நான் புறப்படும்போது நீங்கள் கடையில் இருந்து கட்டிக் கொடுத்த பொட்டலத்தைத்தான் போடுகிறேன். ரசம் கொதிக்கும்போது நம் கடையில் நிற்பது மாதிரி இருக்கிறது.

பியர் ருசி பார்க்கிற வகுப்பை நடத்துவது யார் தெரியுமா? லிஜோ என்று ஒரு பையன். நம் பக்கத்துக் கருங்கல் ஊர்க்காரன். முதல் நாளே, "அக்கா, நம்ம பாஷை கேட்டு எத்தனை நாளாச்சு" என்று வந்து நின்றான்.

கோபம் குறைந்திருந்தால் இரண்டு வரி எழுதுங்கள்.

இந்துஜா

அஞ்சுகிராமம்
3 நவம்பர் 2024

இந்துவுக்கு,

இரண்டு வரி கேட்டாய்.

குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை.

பிரதீஷ்

கரீபியன் கடல்
18 நவம்பர் 2024

அத்தான்,

இதைப் பார்த்த உடனே பதில் போடுங்கள். நேற்று என் வகுப்பில் ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார்.

ஹாவர்ட் என்று பெயர். கனடாக்காரர், வயதானவர். மனைவி மார்கரெட்டோடு வந்திருந்தார். அவருக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. கோதுமை கொஞ்சம் உள்ளே போனாலும் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்துவிடுமாம். அதை முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்கள். நானும் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்துத்தான் வைத்தேன். எல்லாம் செய்து முடித்து, உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் கழுத்தைச் சொறிந்தார். முகம் சிவந்தது. அப்புறம் மூச்சு வரவில்லை. மார்கரெட் கத்திய கத்து இன்னும் காதில் இருக்கிறது. ஹாவர்டின் பையிலேயே அந்த அவசரத்துக்கு என்று ஊசி இருந்தது. அந்த அம்மா அதை எடுத்துத் தொடையில் போட்டார். கப்பல் டாக்டர் வந்து தூக்கிக்கொண்டு போனார். இப்போது உயிருக்கு ஆபத்து இல்லை என்கிறார்கள்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து நான் பயன்படுத்திய எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். எல்லாவற்றுக்கும் லேபிள் இருக்கிறது. பெருங்காயப் பொட்டலத்துக்கு மட்டும் இல்லை. "இதில் என்ன கலந்திருக்கிறது?" என்று கேட்டார். பெருங்காயம் என்றேன். "அது தெரிகிறது. வேறு என்ன?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை அத்தான். கேட்டரிங் படித்தேன், ஊருக்கெல்லாம் ரசம் வைத்தேன், இதற்குப் பதில் தெரியவில்லை.

வகுப்பை நிறுத்திவிட்டார்கள். அதில் கோதுமை இருந்தால் என்னை அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

அதில் என்ன இருக்கிறது? உள்ளதைச் சொல்லுங்கள்.

இந்து

அஞ்சுகிராமம்
19 நவம்பர் 2024

இந்து,

மெயிலைப் பார்த்ததும் கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். லைன் போகவே இல்லை. அன்று நீ என்னைக் கூப்பிட்டபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போது புரிந்தது.

கடையை அப்பாவிடம் விட்டுவிட்டுக் கோட்டாறு சந்தைக்குப் போனேன். நம் கடைக்குச் சில்லறைப் பெருங்காயம் சகாயம் அண்ணாச்சியிடம் எடுப்பதுதான். அவரிடம் நேராகக் கேட்டேன்.

"அண்ணாச்சி, மாசியில எனக்குப் போட்ட பெருங்காயத்துல என்ன மாவு?"

அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "ஏம்டே? ஏதும் கேசு கீசா?"

"கேசு இல்ல. எனக்கு உள்ளது தெரியணும்."

"மைதாதான். பச்சப் பெருங்காயத்த அப்படியே போட்டா வாயில வைக்க முடியுமா? மாவு சேக்காம எவன் விக்கான்?"

"அரிசி மாவு சேத்தும் வருதுல்லா?"

"அது வேற சரக்கு. நீ எடுத்தது அது இல்ல. நான்தானே போட்டேன், எனக்குத் தெரியாதா?"

பஸ் ஏறித் திரும்பி வந்தேன். பெருங்காயத்தில் மாவு சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கடைக்காரன் எல்லாருக்கும் தெரியும். அது ஒரு ஆளைக் கொல்லும் என்று நான் நினைத்ததே இல்லை. பொட்டலம் கட்டியது என் கை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைக்கு வந்து உட்கார்ந்து, முதலில் 'அரிசி மாவுதான், பயப்படாதே' என்று அடித்தேன். உன் வேலை தப்பினால் போதும் என்று தோன்றியது. நீ ஊருக்கு வரவேண்டும் என்று இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவன் நான். ஆனால் நீ இப்படி இறக்கிவிடப்பட்டு வருவது எனக்கு வேண்டாம். நீ வருவதென்றால் உன் சோலியை முடித்து, தலை நிமிர்ந்து வரவேண்டும்.

அடித்ததை அனுப்பவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். "அந்த மனுசன் இன்னும் அந்தக் கப்பல்லதான கெடக்காரு? டாக்டருக்கு உள்ளது தெரிய வேண்டாமாடே?" என்றார். அதன் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மைதாதான் இந்து. அவர்களிடம் போய்ச் சொல்லிவிடு. என்ன வந்தாலும் நான் இருக்கிறேன்.

பிரதீஷ்

கரீபியன் கடல்
20 நவம்பர் 2024

அத்தான்,

சொல்லிவிட்டேன்.

அதிகாரியின் அறை வாசலில் நின்றபோது, கொஞ்சம் தள்ளிப் போட்டுச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. உங்கள் மெயிலை இன்னொரு தடவை வாசித்துவிட்டு உள்ளே போனேன். "அதில் கோதுமை மாவு இருக்கிறது. என் கணவர் விசாரித்துச் சொன்னார்" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நன்றி" என்றார். அவ்வளவுதான். எதற்கு நன்றி என்று கேட்கத் தைரியம் இல்லை.

ஷெஃப் தானே போய், "அனுமதி கொடுத்தது நான். லேபிளைக் கேட்காதது என் தவறு" என்று சொல்லியிருக்கிறார். அவரும் மாட்டிக்கொண்டாரே என்று இருக்கிறது.

இப்போது பழையபடி கீழ்த்தளத்தில் உருளைக்கிழங்கு சீவுகிறேன். வேலையைவிட அந்த மனுஷர் நினைப்புதான். என் அடுப்பில், என் கையால் ஊற்றிய ரசம். கப்பலை விட்டு இறங்கினாலும் இது கூடவே வருமே அத்தான்.

அஞ்சுவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

இந்து

கரீபியன் கடல்
22 நவம்பர் 2024

என் அத்தானுக்கு,

உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். நல்ல செய்திதான்.

ஹாவர்ட் என் ரசத்தைக் குடிக்கவே இல்லை!

நான் பெருங்காயத்தைப் பற்றிச் சொன்னதும் டாக்டர் அவரிடம் போய், "ரசம் எவ்வளவு குடித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அவர் மனைவியைப் பார்த்தாராம். அப்புறம் மெதுவாக, "ஒரு சொட்டும் குடிக்கவில்லை. அந்த வாசனை எனக்கு ஒத்துவரவில்லை. அந்தப் பெண் வருத்தப்படுவாள் என்று உதட்டுப் பக்கம் கொண்டுபோய்விட்டு, என் கிண்ணத்தை மார்கரெட் பக்கம் நகர்த்திவிட்டேன்" என்றாராம். மார்கரெட்டும், "ஆமாம், இரண்டு கிண்ணமும் நான்தான் குடித்தேன்" என்றாராம். மீனிலும் தோரனிலும் பெருங்காயம் கிடையாது. கோதுமையும் கிடையாது.

அப்படியானால் எது? அன்று வேறு என்ன சாப்பிட்டார் என்று கேட்டதற்கு, ஒன்றும் இல்லை, மத்தியானம் முழுக்க நூலக அறையில் வாசித்துக்கொண்டிருந்தேன் என்று சாதித்திருக்கிறார்.

இந்த இடத்தில்தான் லிஜோ வந்தான். ஊழியர்கள் சாப்பிடுகிற மேசையில் யாரோ, என் வகுப்பில் எடுத்த ஹாவர்டின் படத்தை லிஜோவிடம் காட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். "அக்கா, இந்த அப்பச்சன் அன்னைக்கு மத்தியானம் என் வகுப்புல இருந்தாரு. உங்க வகுப்புக்குப் போறதுக்குத் தொட்டு முன்ன. ஒத்தைக்கு வந்தாரு. ஏதும் சேராததுண்டான்னு கேட்டேன், ஒண்ணும் இல்லன்னாரு. கடைசில குடுத்தது கோதம்புல செஞ்ச பியராக்கும். நல்லா ரசிச்சுக் குடிச்சாரு."

"நீ சொன்னா உனக்கு ஏதும் வராதா?" என்று கேட்டேன்.

"வந்தா வரட்டும் அக்கா. ஆனா நீங்க போவப்பிடாது" என்று சொல்லிவிட்டு நேராக அதிகாரியிடம் போனான்.

ஹாவர்ட் ஒத்துக்கொண்டுவிட்டார். இளம் வயதில் அவருக்குப் பியர் என்றால் உயிராம். இந்த நோய் வந்த பிறகு மார்கரெட் தொடவே விடவில்லை. தனியாகப் பணம் கட்டி, மனைவிக்குத் தெரியாமல், ஆசைக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்திருக்கிறார். லிஜோ கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறான், இவர்தான் மறைத்தார், அதனால் அவனுக்கும் ஒன்றும் இல்லை.

நான் கீழ்த்தளத்திலேயே உருளைக்கிழங்குக் கூடையின் மேல் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் அக்கா என்ன ஏது என்று கேட்காமலே கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிறகு பசித்தது. அவர் மயங்கி விழுந்த நாளில் இருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் கிளம்பியதும் தெரியாமல் தூங்கியிருக்கிறேன்.

இன்று இரண்டு பேரும் என்னைப் பார்க்க வந்தார்கள். ஹாவர்ட் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, "உன் ரசம் என்னைக் காப்பாற்றியது. நான் குடிக்காததால்" என்றார். மார்கரெட் அவர் கையில் ஒரு அடி வைத்துவிட்டு, "எனக்கு அது மிகவும் பிடித்தது" என்றார். சிரித்தேன். ஆனால் அவர்கள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன் அத்தான். அவருக்கு அந்த வாசனை பிடித்திருந்தால்? பியரும் மைதாவும் சேர்ந்திருந்தால்? தப்பித்தோம். நம் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

ஷெஃப்பையும் என்னையும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். லேபிள் இல்லாத எதுவும் இனிமேல் கப்பல் அடுக்களைக்குள் வரக்கூடாது. அரிசி மாவில் செய்த பெருங்காயம் கம்பெனியே வாங்கித் தருகிறது. அடுத்த வாரம் வகுப்பு மறுபடி தொடங்குகிறது. அதிகாரி அன்று எதற்கு நன்றி சொன்னார் என்று ஷெஃப்பிடம் கேட்டேன். "நீ அரிசி மாவு என்று சொல்லியிருந்தால் டாக்டர் ரசத்தைப் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டார். விஷயம் அப்படியே குழம்பிக் கிடந்திருக்கும்" என்றார்.

அது நீங்கள் எழுதிய பதில்.

இன்னொரு விஷயம். ஜனவரியில் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி ஆறு மாதத்துக்கு வருவாயா, வகுப்புகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக, என்று கேட்டிருக்கிறார்கள். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. உங்களைக் கேட்கிறேன்.

இந்து

அஞ்சுகிராமம்
24 நவம்பர் 2024

என் இந்துவுக்கு,

நீ சொன்ன மாதிரி உட்கார்ந்துதான் வாசித்தேன். 'குடிக்கவே இல்லை' என்ற இடத்தில் எழுந்துவிட்டேன். அந்த நேரம் ஒரு அம்மா கால் கிலோ சீனி கேட்டு நின்றிருக்கிறார்கள். நான் உப்பை நிறுத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்க் காப்பியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, "என்ன பிள்ளே பிரதீஷே, எங்க வீட்டு ஆளு மேல உனக்கு ஏதும் பகையா?" என்று கேட்டார்கள். மன்னிப்புக் கேட்டு, சீனியும் கொடுத்து, ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் சும்மா கொடுத்தேன். இன்று யார் வந்து என்ன கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் மேலே பார்த்து, "அய்யா காத்தாரு" என்று கும்பிட்டார். பிறகு, "அந்தக் கிழவனுக்கு வீட்டுல நல்லா கெடச்சிருக்கும்" என்றார். அந்த நினைப்பில் ரொம்ப நேரம் சிரித்தோம். இந்த வீட்டில் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

சகாயம் அண்ணாச்சியிடமும் சொன்னேன். மனுஷர் அன்றிலிருந்து கேசு வரும் என்று பயந்துகொண்டு இருந்திருக்கிறார். இனிமேல் சாக்குக்கு மேலேயே என்ன மாவு என்று எழுதி அனுப்புகிறேன் என்கிறார். நானும் பொட்டலத்தின்மேல் எழுதத் தொடங்கிவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னைப் பார்த்து ஒன்பது மாதம் ஆகிறது. போகாதே என்று சொல்லவும் வரவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று நீ முதல் மெயிலில் எழுதினாயே, அதை நான் கோபத்தில் சரியாக வாசிக்கவில்லை. இப்போது மறுபடி எடுத்து வாசித்தேன்.

ஆகவே இப்படிச் செய். வந்த பிறகு பதில் சொல்கிறேன் என்று அவர்களிடம் தவணை கேள். வீட்டுக்கு வா. பால் காய்ச்சுவோம். அஞ்சுவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசி முடிவெடுப்போம். தவணை தரமாட்டோம் என்று சொன்னால், உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய். எதுவானாலும் ஊரில் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். இந்தத் தடவை பல்லைக் காட்ட மாட்டேன்.

உன்
பிரதீஷ்

கரீபியன் கடல்
30 நவம்பர் 2024

என் அத்தானுக்கு,

தவணை கேட்டேன். ஷெஃப் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உனக்கு விருப்பம் இல்லையா?" என்றார்.

"விருப்பம் இருக்கிறது. வீட்டில் பேச வேண்டும்."

"போனில் பேசேன்."

"இல்லை. போய் உட்கார்ந்து பேச வேண்டும்" என்றேன்.

இருபது வருடமாகக் கப்பலில் இருக்கிறவர். அவர் வீட்டைப் பற்றிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. "நான் ஒரு தடவைகூட அப்படிப் போய்ப் பேசவில்லை" என்றார். பிறகு, "பிப்ரவரி கடைசி வரை உன் இடத்துக்கு வேறு ஆளைப் போட மாட்டேன். போய்ப் பேசிவிட்டு வா" என்று சொல்லிவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி யாரையோ சத்தம் போடத் தொடங்கிவிட்டார்.

ஜனவரி கடைசியில் திருவனந்தபுரம் வருகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. அஞ்சுவிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் அழுதுவிடுவேன்.

இந்து